எவரும் முதலாளி ஆகலாம், எல்லோரும் ஆகலாமா?

காலையில் அவிநாசியிலிருந்து திருப்பூர் செல்லும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். சாப்பாட்டுத் தூக்குடன் நிற்பவர்களில் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். “சில வருசத்தில் நானும் கம்பெனி போட்டுவிடுவேன்” என்று சிலராவது சொல்வார்கள். இது வெறும் கனவன்று. 1990களில் இங்கு ஆராய்ந்து 2004இல் நூல் வெளியிட்ட புவியியல் அறிஞர் ஷரத் சாரி, எளிய வேளாண் குடும்பத்திலும் தொழிலாளர் நிலையிலும் இருந்து முதலாளி ஆன பலரைப் பற்றி எழுதியுள்ளார். தம் உழைப்பே தம்மை உயர்த்தியது என்பது அவர்கள் கூற்று.

அப்படியானால் வர்க்கம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டா?

‘தத்துவத்தின் வறுமை’ (1847) என்னும் நூலில் கார்ல் மார்க்ஸ் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். ஒரே நிலையில் வாழ்வதால் ஒரு வர்க்கமாக இருப்பது ஒன்று. அதை உணர்ந்து சேர்ந்து செயற்படுவது மற்றொன்று. பின்னதே வர்க்க உணர்வு.

இரும்புத் துண்டு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதனுள் நுண்ணிய காந்தப் பகுதிகள் பல உண்டு என்று 1907இல் பியர் வைஸ் விளக்கினார். அவை வெவ்வேறு திசை நோக்கி நிற்பதால் இரும்பு காந்தமாவதில்லை. வெளியிலிருந்து காந்தப்புலம் செயற்படும்போது அவை ஒரு திசைக்குத் திரும்புகின்றன.

1984இல் திருப்பூரில் நடந்ததும் இத்தகையதே. விலைவாசிக்கேற்பப் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் உற்பத்தி சிறு யூனிட்டுகளாகச் சிதறியது. பீஸ் ரேட்டும் காண்ட்ராக்டும் பெருகின. நேற்றைய டைலர் சிலர் இன்று ஆள் வைத்து வேலை வாங்கினர். திசைகள் மீண்டும் சிதறின.

உவமைக்கும் எல்லை உண்டு. இரும்பு சிந்திப்பதில்லை, மனிதன் சிந்திக்கிறான். ‘உழைத்தால் எவரும் உயரலாம்’ என்ற எண்ணம் அவனை வழிநடத்துகிறது. ஒரு சமூக அமைப்பை இயல்பானதாகவும் நியாயமானதாகவும் தோன்றச் செய்யும் இத்தகைய எண்ணத் தொகுதியையே கருத்தியல் என்கிறோம். அது முழுப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கம்பெனிக்கு 50 தொழிலாளர் தேவை எனக் கொள்வோம். அந்த 50 பேரும் ஆளுக்கொரு கம்பெனி தொடங்கினால் 2,500 தொழிலாளர் வேண்டும். அவர்களும் தொடங்கினால் 1,25,000 பேர் வேண்டும்! எனவே, எவரும் முதலாளி ஆகலாம் என்று வைத்துக்கொண்டாலும், எல்லோரும் ஆக முடியாது. ‘எவரும்’ என்பதுகூட முழு உண்மையன்று. சாரி கண்ட முதலாளிகளில் பெரும்பாலோர் கவுண்டர் சமூக ஆண்கள். உறவினர் தொடர்பும் கடன் வசதியும் உழைப்புக்குத் துணை நின்றன. பெண்களுக்கும் தலித் தொழிலாளர்களுக்கும் அந்த வழி மிகக் குறுகலாகவே இருந்தது.

என் மாணவர்களில் பலர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள். “எங்கப்பா சரியா உழைக்கலைங்க சார், அதான் இன்னும் கூலிக்குப் போறார்” என்று ஒருவன் ஒருமுறை சொன்னான். அவன் தந்தை முப்பது ஆண்டுகளாக இரவு ஷிப்ட் பார்த்தவர். அவனுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.