திமில் சீட்டின் பூர்வீகம்

பழைய புல்லட்டை 'கஃபே ரேசர்' ஆக்கித் தரச் சொல்லி பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர் பக்கத்து மெக்கானிக் கடைகளுக்கு வருகிற பையன்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தை வைத்திருப்பார்கள். "அண்ணே, சீட்டு பின்னாடி கூம்பு இந்த மாதிரி ஏறி நிக்கணும். சைலன்சர் சாஞ்சு மேல வரணும். டேங்க் செகப்பு." மெக்கானிக்கும் தலையாட்டுவார். காளையின் திமிலைப் பின்னால் தள்ளி வைத்த மாதிரி ஒரு சீட்டு, எஞ்சினிலிருந்து பின்வாங்கிச் சாய்ந்து போகும் ஒரு குழாய், நீளமான சிவப்பு டேங்க். இந்த மூன்றையும் ஒரே வண்டியில் வைத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியே விற்றது 1964-ல், இங்கிலாந்தில். வண்டியின் பெயர் கான்டினென்டல் ஜி.டி. அதே பெயரில் இன்றைக்கு வரும் வண்டியின் தொழிற்சாலைகள் பீர்க்கன்கரணையிலிருந்து வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் சுமார் 25 கிலோமீட்டரில், ஓரகடம் பக்கம் இருக்கின்றன. நடுவில் நடந்ததுதான் கதை.

சீட்டிலிருந்து தொடங்கலாம். 1930, 40-களின் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரம் நேரடியாக ஃபிரேமோடு இறுகியிருக்கும். ரோட்டுக் குழியெல்லாம் முதுகெலும்புக்கு வந்து சேராமல் தடுக்க இருந்த ஒரே ஏற்பாடு, ஓட்டுபவரின் சீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு சுருள் ஸ்பிரிங். 2009-ல் இந்தியாவுக்கு வந்த 'கிளாசிக்' மாடலில் தனிச் சீட்டுக்குக் கீழே அந்த ஸ்பிரிங் திரும்பி வந்தபோது எல்லோரும் மயங்கினார்கள். ஆனால் கிளாசிக்கின் பின்சக்கரத்தில் இரண்டு ஷாக் அப்சார்பர் இருக்கிறது. ஸ்பிரிங் இல்லாமலும் அந்தச் சீட்டு நன்றாகவே வேலை செய்யும். அழகுக்காக வந்த ஸ்பிரிங் அது.

அந்தச் சுருளுக்கு வேலை இல்லாமல் செய்த வண்டிகளில் ஒன்று புல்லட்டேதான். 1948-ல் பின்சக்கரத்துக்கு 'ஸ்விங்கிங் ஆர்ம்' வைத்த புல்லட்டை ராயல் என்ஃபீல்டு கரடுமுரடான டிரையல் போட்டிகளில் இறக்கிப் பார்த்தது. அடுத்த வருஷம் விற்பனைக்கு விட்டது. குலுக்கலைச் சக்கரமே வாங்கிக்கொண்டதால், நீளமான தட்டைச் சீட்டு வைத்து இரண்டு பேரை உட்கார வைப்பது சுலபமாயிற்று. நம் தாத்தாக்களின் புல்லட் சீட்டு அந்த வம்சம்.

திமில் ரேஸில் வந்தது. ரேஸ்காரன் டேங்கின் மேல் நெஞ்சை வைத்துப் படுத்து ஓட்டுகிறான். காற்று எதிர்ப்பைக் குறைக்கத்தான் இது. அப்படிப் படுக்க ஹேண்டில்பார் கீழே இறங்க வேண்டும், கால் வைக்கும் இடம் பின்னால் போக வேண்டும், உட்காரும் இடமும் பின்னால் தள்ள வேண்டும். இந்த நிலையில் திராட்டிலைத் திறந்தால் வண்டி முன்னே பாயும், ஆள் பின்னே வழுக்குவான். பிடித்துத் தொங்குவதற்குக் கையை நம்பினால் ஸ்டியரிங் கெடும். பிட்டத்துக்குப் பின்னால் ஒரு முட்டு வைத்தால் தீர்ந்தது. அந்த முட்டுதான் திமில். அதற்கு மேல் வேறொருவர் உட்கார இடமில்லை, உட்கார வேண்டிய அவசியமும் ரேஸ் மைதானத்தில் இல்லை.

குழாயின் கதை இன்னும் ருசியானது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் சூடான புகை ஓர் அழுத்த அலையாகக் குழாய்க்குள் ஓடுகிறது. குழாயின் வாயை அடைந்து வெளியே விரிந்ததும், அதன் எதிரொலியாக ஓர் உறிஞ்சும் அலை திரும்ப எஞ்சினை நோக்கி வருகிறது. வால்வு மூடும் நேரத்தில் சரியாக அது வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை இழுத்துவிட்டுப் புதுக் கலவைக்கு இடம் பண்ணித் தரும். நேரம் தவறினால் வினை. குழாயின் நுனியை ஊதுகுழல் மாதிரி விரித்தால் அந்த உறிஞ்சல் பலமாகும், அதுதான் மெகாபோன். விரித்த வாயைக் கடைசியில் கொஞ்சம் குறுக்கினால் அந்தப் பலன் கூடுதலான சுழற்சி வேகங்களுக்குப் பரவும். இது ரிவர்ஸ் கோன். குழாயின் நீளமும் விரிவும் எஞ்சின் எந்த வேகத்தில் சுழலும் என்று பார்த்துப் போடுகிற கணக்கு. நிமிஷத்துக்கு 7,000 சுற்று சுற்றும் ரேஸ் எஞ்சினுக்கு ஒரு கணக்கு, 346 சி.சி., 18 குதிரைத்திறன் என்று நிதானமாக ஓடும் பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு முற்றிலும் வேறு கணக்கு. ஐயாயிரத்து சொச்சத்துக்கு மேல் போக விரும்பாத எஞ்சின் அது. ஐடிலிங்கில் 800 சுற்று என்றால் நொடிக்கு ஏறக்குறைய ஏழு வெடி. அந்த 'டுப் டுப்'புக்குத்தான் ஊரே மயங்குகிறது. அதில் மெகாபோனைப் பொருத்தினால் சத்தம் மாறும், சக்தி ஏறாது. இதைச் சொன்னால் பையன்களுக்குக் கோபம் வரும். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் 'கோல்டு ஸ்டார்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சைலன்சருக்கும் வம்சாவளி உண்டு. 1937-ல் வால் ஹேண்ட்லி என்ற ரேஸர் பி.எஸ்.ஏ. கம்பெனியின் வண்டியில் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தை மணிக்கு நூறு மைலுக்கு மேல் சுற்றி வந்தார். அப்படிச் சுற்றியவர்களுக்குத் தங்க நட்சத்திரப் பதக்கம் குத்துவது அங்கே வழக்கம். பி.எஸ்.ஏ. அந்தப் பதக்கத்தின் பெயரையே அடுத்த மாடலுக்கு வைத்தது. 1950-களின் 500 சி.சி. கோல்டு ஸ்டாரில் பின்சாய்ந்த குழாயும், திராட்டிலை மூடும்போது குருவி கீச்சிடுகிற மாதிரி ஒலிக்கும் சைலன்சரும் சேர்ந்து பெரும் புகழ் பெற்றன. இதில் ஒரு வேடிக்கை. சுற்றுவட்டாரக் குடித்தனக்காரர்கள் சத்தம் தாங்காமல் கோர்ட்டுக்குப் போனதால், 1920-களின் நடுவிலிருந்து புரூக்லேண்ட்ஸில் சைலன்சர் இல்லாமல் ரேஸ் ஓட்டவே முடியாது. காது கிழிக்கும் சாமானுக்கு நாம் வைத்திருக்கும் பெயர், சத்தம் போடாதே என்று சட்டம் போட்ட மைதானத்திலிருந்து வந்தது.

ரேஸ் மைதானத்துச் சாமானைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் லண்டன் பையன்கள். வடக்கு வட்டச் சாலையில் ஏஸ் கஃபே என்று ஒரு லாரிக்காரர் டீக்கடை. 1938-ல் திறந்தது, போரில் குண்டு விழுந்து போனது, 1949-ல் மறுபடி எழுந்தது. ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். இசைப்பெட்டியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் குறிப்பிட்ட முனை வரை போய்த் திரும்பி வருவதுதான் பந்தயம் என்று இன்றும் கதை சொல்வார்கள். கையில் காசில்லாத பையன்கள். ரேஸ் வண்டி வாங்க முடியாது. இருக்கிற வண்டியில் ஹேண்டிலை இறக்கினார்கள், சீட்டை மாற்றினார்கள், குழாயைச் சாய்த்தார்கள். பால் டன்ஸ்டால் மாதிரி ரேஸ் அனுபவம் உள்ளவர்கள் இதற்கான சாமான்களைக் கடை போட்டு விற்றார்கள்.

ரெட்டிச் ஊரில் ராயல் என்ஃபீல்டின் நிர்வாக இயக்குநராக அப்போது இருந்தவர் லியோ டேவன்போர்ட். 1932-ல் ஐல் ஆஃப் மேன் டி.டி. ரேஸில் ஜெயித்தவர். இளைஞனுக்கு எந்த மாதிரி வண்டி பிடிக்கும் என்ற கேள்வியைத் தொழிற்சாலையில் வேலை பழகிக்கொண்டிருந்த அப்ரெண்டிஸ் பையன்கள் முன்னால் வைத்தார்கள். கேட்ட இடம் சரியான இடம். ஆபீஸ் மேஜையில் இந்த வண்டி பிறந்திருக்காது. பையன்கள் டீக்கடை வாசலில் நின்ற வண்டிகளை மனதில் வைத்துப் பதில் சொன்னார்கள். சிவப்பு ஃபைபர் டேங்க், இறக்கிப் பிடித்த ஹேண்டில், பின்தள்ளிய ஃபுட்ரெஸ்ட், திமில் சீட்டு, பின்சாய்ந்த குழாய், ஐந்து கியர். எஞ்சின் மட்டும் 250 சி.சி. அதற்குக் காரணம் சட்டம்: லைசென்ஸ் வாங்காமல் பழகுகிறவர்கள் அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்று பிரிட்டன் அப்போதுதான் விதி கொண்டுவந்திருந்தது. அறிமுகத்துக்கு ஒரு பத்திரிகைக் குழு நாட்டின் வடகோடி ஜான் ஓ குரோட்ஸிலிருந்து தென்கோடி லேண்ட்ஸ் எண்ட் வரை, நடுவில் சில்வர்ஸ்டோன் ரேஸ் மைதானத்தை எட்டுச் சுற்றும் சுற்றி, 24 மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்டியது. ஆனாலும் ஆயுசு கெட்டியில்லை. 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையே மூடிவிட்டது.

மெட்ராஸில் அதே கம்பெனியின் இன்னொரு கிளை வேறு மாதிரி வளர்ந்துகொண்டிருந்தது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட் கேட்ட பிறகு, 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் 1956-ல் 163 வண்டி கோத்தார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே. 1977-ல் புல்லட்டை இங்கிலாந்துக்கே திருப்பி ஏற்றுமதி செய்தார்கள். இங்கே புல்லட் என்பது இன்ஸ்பெக்டர், மிராசுதார், பால் பண்ணைக்காரர் வண்டி. பின்சீட்டில் மனைவி பக்கவாட்டில் உட்காருவார், டேங்கின் மேல் குழந்தை. அந்த வண்டிக்குத் திமில் வைக்க யாருக்கு மனசு வரும்? சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் புல்லட்டும் ஓடியது என்றாலும் தெருவில் போகும் புல்லட்டின் சீட்டு பல பத்தாண்டுகள் அசையவில்லை.

1994-ல் கம்பெனி ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2013 ஏப்ரலில் ஓரகடம் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் லண்டனில் புதிய கான்டினென்டல் ஜி.டி.யை அவிழ்த்துவிட்டார்கள்: 535 சி.சி., ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற நிறுவனம் வரைந்த ஃபிரேம், ஒற்றையாள் சீட்டு, சிவப்பு டேங்க். ரெட்டிச் அப்ரெண்டிஸ்கள் கேட்ட வண்டியை ஐம்பது வருஷம் கழித்துக் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிலாளிகள் கோத்தார்கள். பழைய புல்லட்டை அறுத்து அதே உருவத்துக்குக் கொண்டுவரும் ஆசை நம் புறநகரில் பரவியதற்கு அந்த வண்டி ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சீட்டுக்கு முதலில் பின்ஃபிரேமை அளந்து வெட்டி, வளைத்த பைப்பை 'லூப்'பாக வெல்டு வைப்பார்கள். தகட்டில் அல்லது ஃபைபரில் அடித்தட்டு. அதன் மேல் ஸ்பாஞ்ச் அடுக்கி, ஓட்டுபவரை உட்கார வைத்துப் பார்த்துச் சீவுவார்கள். பிறகு ரெக்சின் அல்லது தோல், மேலே கோடு கோடாகத் தையல். தோல் என்றால் இந்தப் பகுதிக்கே ஒரு பெருமை உண்டு: வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கும் குரோம்பேட்டை, சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயரின் குரோம் லெதர் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். குழாய்க்குப் பூசுவது குரோமியம், தோலைப் பதப்படுத்துவது அதே உலோகத்தின் உப்புகள்.

பழைய புல்லட்டில் கியர், கிக்கர், சைலன்சர் மூன்றும் வலது பக்கம். குழாயை அழகாகச் சாய்க்கும்போது கிக்கர் அடிக்கும் காலுக்கும் கியர் லீவருக்கும் வழி விட வேண்டும். இதைப் பார்க்காமல் வளைத்த குழாய்கள் பேன்ட்டைப் பொசுக்கும். உள்ளே தடுப்பே இல்லாத சைலன்சர் போட்டால் புகை வேகமாக வெளியேறும், கலவையில் பெட்ரோல் குறையும். கார்பரேட்டரில் மெயின் ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் குழாயின் கழுத்து நீலமாகும், திராட்டிலை விட்டால் பட்டாசு வெடிக்கும். அந்த வெடியை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையோரம் ராத்திரி தூங்க முயல்கிறவர்கள் ரசிப்பதில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்புச் சோதனையில் ஒலி வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. பின்சீட்டுக்காரருக்குக் கைப்பிடியும், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தடுப்பும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனி விதியே இருக்கிறது. அந்த விதியை எழுதியவர் திமில் சீட்டைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

என்னைக் கேட்டால், ஃபிரேமை அறுக்காமல் கழற்றி மாட்டுகிற மாதிரி சீட்டு செய்துகொள்வது புத்திசாலித்தனம். சைலன்சரின் வெளித்தோற்றம் எதுவானாலும் உள்ளே தடுப்பு இருக்கட்டும். கம்பெனியும் ஏறக்குறைய இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. 2018-ல் இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சரோடு வந்த கான்டினென்டல் ஜி.டி. 650-ல் இருவர் உட்காரும் சீட்டுதான் வண்டியோடு வருகிறது. திமில் வேண்டுமென்றால் ஷோரூமில் தனியாகப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.