கண்டியில் உதைபந்தாட்ட அணி நடத்தியவரை எங்கே தேடுவது?

கண்டி நகரிலோ அதைச் சுற்றியுள்ள தோட்டமொன்றிலோ ஐம்பதுகளில் உதைபந்தாட்ட அணி நடத்திய தாத்தாவின் வரலாற்றை எழுத ஒரு பேரப்பிள்ளை முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலையாக அவர் பழைய பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களைப் புரட்டுவார். வீரகேசரி 1930இல் தொடங்கியது, தினகரன் 1932இல். பல பத்தாண்டுகளின் இதழ்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன. ஆனால் வெளியூர் ஆட்டச் செய்தி என்றால் இரு அணிகளின் பெயர், கோல் எண்ணிக்கை, மிஞ்சினால் கோல் போட்டவரின் பெயர், அதோடு சரி. அணியைக் கூட்டி, லொறி பிடித்து, சப்பாத்து கடன் வாங்கி, மைதானத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அதில் வரமாட்டார். இரண்டு மூன்று மாதம் இப்படித் தேடியபின், தாத்தாவைப் பற்றி ஆதாரம் எதுவும் மிஞ்சவில்லை, பாட்டி சொன்ன கதைகள்தான் மிச்சம் என்று அவர் முடிவு கட்டிவிடக்கூடும். அந்த முடிவு அவசரமானது என்பதே என் வாதம். ஆட்ட முடிவுகளில் அகப்படாத இந்த மனிதர், அனுமதியும் பணமும் வழக்கும் குடியுரிமையும் விட்டுச்சென்ற தாள்களில் அகப்படக்கூடியவர். தேடும் இடத்தை மாற்றினால், கண்டியைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் விளையாட்டு வரலாறு எவ்வளவு ஒருபக்கமானது என்பதும் சேர்த்தே விளங்கும்.

அந்த வரலாறு பெரும்பாலும் றகர் வரலாறு. அதற்குக் காரணமும் உண்டு. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1891இல் தொடங்கிய பள்ளி பின்னாளில் கிங்ஸ்வூட் கல்லூரியானது. அந்தப் பள்ளியும் திரித்துவக் கல்லூரியும் 1906இல் போகம்பரையில் சந்தித்ததே இலங்கையில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றகர் ஆட்டம். 1945 முதல் திரித்துவமும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. இவை நடந்தன என்பதோடு நிற்கவில்லை, எழுதியும் வைக்கப்பட்டன. வலெஸ்கா றைமன் 1922இலேயே திரித்துவக் கல்லூரியின் வரலாற்றை நூலாக்கினார். கிங்ஸ்வூட்டின் கதையைப் பிளேஸ் தாமே எழுதினார். 1904 முதல் இருபது ஆண்டுகள் திரித்துவ அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசருக்கு 1965இல் தனி வாழ்க்கை வரலாறு வந்தது. கல்லூரிச் சஞ்சிகை, பரிசளிப்பு விழா அறிக்கை, பழைய மாணவர் சங்கம், சுவரில் தொங்கும் அணிப் படங்கள் எல்லாம் சேர்ந்து அந்த ஆட்டத்தின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தன. உதைபந்தாட்டத்துக்கு இப்படியொரு காப்பகம் வாய்க்கவில்லை. பட்டணத்துக் கடைப் பையன்களும் பொலிஸ்காரர்களும் தோட்டத்து இளைஞர்களும் ஆடிய ஆட்டத்துக்குச் சஞ்சிகை நடத்த யாரும் இருக்கவில்லை. ‘கண்டி றகர் ஊர், அங்கே உதைபந்துக்கு எழுதும்படி என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள், எழுதப்பட்ட அளவையே ஆடப்பட்ட அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

அணி முகாமையாளர் என்றதும் இன்று நம் கண்முன் வருபவர், கோட்டுக்கு வெளியே நின்று கையசைத்துக் கத்தும் ஒருவர். அவரைத் தேடினால் கண்டியில் மட்டுமல்ல, அக்காலத்தில் வேறெங்கும்கூட எளிதில் கிடைக்கமாட்டார். உலகின் முதல் உதைபந்தாட்ட முகாமையாளர் என்று பலர் சொல்லும் ஜோர்ஜ் ராம்சேயை அஸ்டன் வில்லா கழகம் 1886இல் ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்தில் அமர்த்தியது. அவருடைய வேலையில் பெரும்பங்கு செயலாளர் வேலைதான்: கடிதம், கணக்கு, பயணம், ஒப்பந்தம். இங்கிலாந்து தேசிய அணிக்கு 1946இல் வால்டர் விண்டர்பாட்டம் முகாமையாளரானபோதும் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்தது ஒரு குழுதான். அந்த அதிகாரம் 1963இல் பொறுப்பேற்ற அல்ப் ராம்சேயின் கைக்குத்தான் முழுமையாக வந்தது. நமக்கு அருகில் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீமைப் பாருங்கள். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியாவுக்குத் தங்கம், 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இத்தனைக்கும் பின்னால் இருந்த அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். 1943 முதல் இறக்கும்வரை ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர். 1963இல் காலமான அவர் வாழ்க்கை பெருந்திரளைச் சென்றடைய 2024இல் வந்த மைதான் திரைப்படம் வரை, அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆசியாவையே வென்றவரின் நிலை இதுவென்றால், கண்டிப் பகுதியில் அணி நடத்தியவரின் பெயர் அச்சில் கிடைக்காததில் வியப்பில்லை. அவரும் தம் காலத் தாள்களில் ஆசிரியராக, கணக்கப்பிள்ளையாக, எழுதுவினைஞராக, சங்கச் செயலாளராகத்தான் பதிவாகியிருப்பார்.

தோட்டங்களில் அணி நடத்துவதென்றால் அனுமதிதான் வேலையின் பாதி. தோட்டம் என்பது துரையின் எல்லை. வெளியாள் உள்ளே வருவது அத்துமீறல். 1920களிலும் முப்பதுகளிலும் தொழிலாளரைச் சந்திக்க விரும்பிய தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். கண்டிக்கு வடக்கே மடுல்கலைப் பக்கம் ரெலுகஸ் தோட்டத்தில் பயிலுநராக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் நின்று பேசியதற்காக 1937இல் நாடுகடத்தும் கட்டளையைச் சந்தித்தார். உயர் நீதிமன்றம்தான் அவரை விடுவித்தது. வெள்ளைக்காரர் ஒருவருக்கே இந்த நிலையென்றால், பக்கத்துத் தோட்டத்திலிருந்து பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வருவது சாதாரண காரியமாக இருந்திருக்க முடியாது. தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்திலோ பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருந்த சமதரையிலோ ஒரு ஞாயிறு மாலை ஆட்டம் நடக்கவேண்டுமானால், ஒருவர் பங்களாவுக்குப் போய்த் துரையிடம் கேட்டிருக்கவேண்டும். திங்கள் காலை பிரட்டுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று உறுதி கொடுத்திருக்கவேண்டும். முகாமையாளர் என்ற சொல்லின் உண்மையான உள்ளடக்கம் அங்கே இதுதான். ஆகவே தோட்ட அலுவலகக் கடிதக் கோப்புகளை, எங்கெல்லாம் அவை கறையானுக்குத் தப்பினவோ அங்கெல்லாம், ஆட்ட வரலாற்றின் மூலமாக வாசிக்கவேண்டும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி எழும். தோட்டத் தொழிலாளரைப் பற்றி அரசாங்கமும் கம்பனிகளும் மலை மலையாகத் தாள் குவித்திருக்கின்றன. அவற்றில் உதைபந்து ஏன் கண்ணில் படுவதில்லை? படாததே அது முக்கியமற்றது என்பதற்குச் சாட்சியல்லவா? அந்தத் தாள்கள் எதற்காக எழுதப்பட்டன என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். விசாரணைக் குழு அமைந்தது. அந்தச் சம்பவத்தைத் தொட்டு எழுந்த பிணக்கு அமைச்சர்கள் பதவி துறக்கும் அளவுக்குப் போனது. அதனால்தான் கோவிந்தனின் பெயர் நமக்குத் தெரியும். சுடப்படாமல், வழக்கில் சிக்காமல், கடனுக்கு ஓடாமல் வாழ்ந்து முடித்த தொழிலாளியின் பெயரை அந்தக் கோப்புகளில் தேடிப் பாருங்கள்: தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலின் வரிசையில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். ஆட்சி தன் அமைதிக்கு எது கேடோ அதைப் பதிந்தது. ஆட்டம் அமைதியாக நடந்ததால் பதியவில்லை. ஆட்டத்தில் கைகலப்பு நடந்து பொலிஸ் முறைப்பாடு ஆகியிருந்தால், மைதானத்தைப் பற்றிய தகராறு நகரசபைக்கு வந்திருந்தால், அங்கே பெயர்கள் இருக்கும். எனவே பேரப்பிள்ளை தாத்தாவின் வெற்றிகளைவிட அவர் பட்ட சிக்கல்களை முதலில் தேடுவது நல்லது. சண்டைக்காரராகத் தாத்தாவைக் காண மனம் வராதுதான். ஆனாலும் சாட்சி அங்கேதான் இருக்கிறது.

மலையகக் குடும்பங்களுக்கு இன்னுமொரு மூலம் உண்டு. அதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் துயரம்தான் மேலிடுகிறது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இன் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி விட்டது. ஆனால் இலங்கையில் தொடர்ச்சியாக, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் வாழ்ந்ததைத் தாள்களால் நிறுவவேண்டும் என்றது. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விதி அவற்றில் அடங்கியிருந்தது. 1964 வரை உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே. அந்த ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இந்தக் கொடுமைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. எழுத்தறிவும் தாள்களைச் சேர்த்துவைக்கும் பழக்கமும் இல்லாத குடும்பங்களும் பிறப்புப் பத்திரம், பள்ளிவிடுகைப் பத்திரம், துரை கொடுத்த சான்றுக் கடிதம், செக்ரோல் பிரதி என்று ஒரு கட்டைத் தகரப்பெட்டியில் பாதுகாக்கும்படி ஆயிற்று. அதோடு, இந்திய அரசின் பிரதிநிதி 1923 முதல் கண்டியில்தான் இருந்தார். அவருடைய ஆண்டறிக்கைகளில் தோட்டப் பள்ளிகளும் தொழிலாளர் நிலையும் இடம்பெற்றன. தாத்தா எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் இருந்தார், என்ன வேலை பார்த்தார், எப்போது இடம் மாறினார் என்ற எலும்புக்கூடு அந்தத் தகரப்பெட்டிக் கட்டில் கிடைக்கும். அணி எந்த ஊர்களுக்குப் போயிற்று என்ற சதை அதன்மேல்தான் படியவேண்டும்.

கட்டைத் தேடிப் போக வேண்டிய திசை கண்டியோடு முடிவதில்லை. ஒப்பந்தத்தின் கீழ்ப் போனவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து நீலகிரிக்கும் வேறிடங்களுக்கும் சிதறினார்கள். தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே அணியில் ஆடிய இருவரில் ஒருவரின் பிள்ளைகள் கம்பளையிலும் மற்றவரின் பிள்ளைகள் கூடலூரிலும் இருக்கக்கூடும். அணிப்படம் ஒன்று எஞ்சியிருந்தால் அது எந்தக் கரையில் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. கண்டியில் தங்கியவர்களுக்கும் 1977இலும் 1983 ஆடியிலும் வீடும் கடையும் எரிந்தன. கண்டி முஸ்லிம்களைப் பொறுத்தவரை அவர்களுக்கெதிரான 1915ஆம் ஆண்டுக் கலவரமே இந்த நகரில்தான் வெடித்தது. 2018இல் திகன பக்கம் மறுபடியும் தீ வைத்தார்கள். ஒரு கழகத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகம் எரிந்த கடையின் மேசையறைக்குள் இருந்திருந்தால், அதை ‘அலட்சியத்தால் தொலைந்தது’ என்று எழுதுவது அநியாயம்.

அப்படியானால் வாய்மொழியை நம்பித்தான் எழுதவேண்டும்; பேரப்பிள்ளையின் பாசம் தாத்தாவைப் பெரிதாக்கிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பாசம் பெரிதாக்கும்தான். தோற்ற ஆட்டங்கள் குடும்பக் கதைகளில் வருவதில்லை. தாத்தா தெரிவுசெய்யாமல் விட்ட இளைஞனின் கசப்பை யாரும் பேரனிடம் சொல்வதில்லை. இதற்கு மருந்து, குடும்பத்துக்கு வெளியே போவதுதான்: எதிரணியில் ஆடியவர்கள், மத்தியஸ்தராக விசில் பிடித்தவர்கள், அணியிலிருந்து நீக்கப்பட்டவர்கள். இப்படி ஒட்டவைத்து எழுதும் வேலை மலையகத்துக்குப் புதிதுமல்ல. 1947இல் இறந்த நடேசய்யரை நாற்பது ஆண்டுகள் ஏறத்தாழ மறந்தே போயிருந்தார்கள். மலையக எழுத்தாளர் சாரல்நாடன் 1980களின் இறுதியில் அவர் வரலாற்றை நூலாக்கினார். சட்டசபை உரைகளையும் பழைய பத்திரிகைகளையும் மக்கள் வாய்ச்சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வாழ்க்கையை மீட்க முடியும் என்பதற்கு மலையகத்திலேயே சான்று இருக்கிறது. நடேசய்யர் தலைவர், இவர் வெறும் அணி நடத்தியவர் என்று வேறுபடுத்துவோருக்கு நான் சொல்வது: துரையிடம் பேசவும், நகரத்துச் சங்கத்தாரோடு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கடிதம் எழுதவும், லயத்து இளைஞர்களைக் கட்டியாளவும் தெரிந்த ஒருவர் தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் நடுவே நடமாடிய மிகச் சிலரில் ஒருவர். இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் அமைந்தது, 1952இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் சேர்ந்தது என்ற கொழும்பு வரலாறு கண்டி மலைகளுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதை இவர் வாழ்க்கையைக் கொண்டே விளக்க முடியும்.

எனவே வேலையின் வரிசையைத் தலைகீழாக்கவேண்டும். சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும் கோப்புகள் இன்னும் பத்து வருடம் அங்கேயே இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துப் பத்திரிகைத் தொகுப்புகளும் அப்படியே. ஆனால் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆன 1964இல் இருபது வயதில் ஆடியவர் இன்று எண்பதைத் தாண்டியவர். அவரிடம் கோல் எண்ணிக்கையைக் கேட்காமல், லொறிக்கு யார் காசு கொடுத்தார்கள், மைதானம் யார் சொல்லிக் கிடைத்தது, எந்த வருடம் அணி கலைந்தது, யார் யார் கப்பலேறினார்கள் என்று கேட்கவேண்டும். அந்தப் பெயர்களையும் ஆண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் தோட்ட அலுவலகத்திலும் நகரசபையிலும் எந்தக் கோப்பைக் கேட்பது என்றே தெரியும்.