லேப் லைசென்ஸ்: ஆளைச் சோதிப்பதா, காகிதத்தைச் சோதிப்பதா?

நியூயார்க்கில் மருத்துவ லேபில் ரத்தப் பரிசோதனை செய்ய மாநில லைசென்ஸ் வேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியில், அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. ரத்தம் அதேதான், மெஷினும் அதேதான். ஏன் இந்த வித்தியாசம்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1928-ல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர்கள் சங்கம் லேப் ஊழியர்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கியது. தேறியவருக்குச் சான்றிதழ். அது அரசு தந்தது இல்லை. மருத்துவர்கள் தங்கள் உதவியாளர்களுக்குத் தந்தது. இன்றும் பல ஆஸ்பத்திரிகள் இதைக் கேட்கின்றன.

மத்திய அரசு உள்ளே வந்தது 1967-ல். அந்தச் சட்டமும் மாநில எல்லை தாண்டி வரும் மாதிரிகளைச் சோதிக்கும் லேப்களை மட்டுமே தொட்டது. நிலைமையை மாற்றியது கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் பரிசோதனை. 1987-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வால்ட் போக்டானிச் எழுதிய தொடர், லேப்கள் ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அவசரமாகப் படிக்க வைத்ததை வெளியே கொண்டுவந்தது. ஒரு ஸ்லைடைத் தவறவிட்டால் ஒரு பெண்ணின் உயிர் போகலாம். அடுத்த ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு. அதே 1988-ல் புதிய சட்டமும் வந்தது. 24 மணி நேரத்தில் ஒருவர் 100 ஸ்லைடுகளுக்கு மேல் படிக்கக் கூடாது என்ற உச்சவரம்பு அதன் வழியாக வந்ததுதான்.

இந்தச் சட்டம் குறைந்தபட்சப் படிப்புத் தகுதியை வைத்தது, ஆனால் தனிநபர் லைசென்ஸ் கேட்கவில்லை. அதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. கலிஃபோர்னியா கேட்கிறது, டெக்சாஸ் கேட்பதில்லை. நியூயார்க்கில் இது அமலானது 2006-ல். ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தவர்களுக்குத் தனி வழி திறந்துவிட்டார்கள்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வருபவருக்கு அந்தச் சலுகை எப்படிக் கிடைக்கும்? அவருடைய மதிப்பெண் பட்டியல் ஒவ்வொரு பாடமாக அமெரிக்கப் படிப்போடு ஒப்பிடப்படுகிறது. நம்மூர் மூன்று வருட பி.எஸ்சி., பெரும்பாலும் அங்குள்ள நான்கு வருடப் பட்டத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. டி.எம்.எல்.டி. டிப்ளமோ என்றால் இன்னும் கஷ்டம். இன்னொரு சிக்கலும் உண்டு. லேப் ஊழியர்களுக்கு இந்தியா முழுவதற்குமான பதிவேடு வேண்டும் என்று சட்டம் வந்ததே 2021-ல்தான். அதற்கு முன் படித்தவர், "நான் பதிவு பெற்றவன்" என்று எதைக் காட்டுவார்?

நான் பி.இ. படித்து சாஃப்ட்வேர் எழுதுபவன். என்னிடம் இதுவரை யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை. அதனால் லேப் ஊழியரிடம் கேட்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. 1987-ஐப் படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. என் கேள்வி வேறு. அந்தத் தொடர் காட்டியது வேலை நடந்த விதத்தில் இருந்த கோளாறை. லைசென்ஸ் முதலில் பார்ப்பதோ எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்பதை.

வேறு வழியே இல்லையா என்றால், அதே 1988 சட்டத்திலேயே இருக்கிறது. பாப் ஸ்லைடு படிப்பவர்களுக்கு 2005 முதல் வருடாந்தரத் தேர்வு நடக்கிறது. பத்து ஸ்லைடு, இரண்டு மணி நேரம். படிப்புத் தகுதி அங்கேயும் உண்டுதான். ஆனால் கையில் ஸ்லைடைக் கொடுத்து, "படித்துக் காட்டு" என்று கேட்கிறார்கள். கடல் தாண்டி வருபவரிடமும் முதலில் இதைக் கேட்டுவிட்டு, மதிப்பெண் பட்டியலை அப்புறம் பார்க்கலாமே?