டெல்லியில் ஒரு கையெழுத்து, சென்னையில் ஒரு கையெழுத்து



மன்னார்குடி, நெடுவாசல் என்றால் நமக்குப் போராட்டம்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறும் இருக்கிறது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் எண்ணெய் வயல்கள் மத்தியப் பட்டியலில் 53ஆவது இனம். நிலமும் விவசாயமும் மாநிலப் பட்டியலில். 1959ஆம் ஆண்டின் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு விதிகள் இரண்டையும் ஒரு முடிச்சில் கட்டின. கடலுக்குள் என்றால் மத்திய அரசே உரிமம் தரும். நிலப்பகுதி என்றால், மத்திய அரசின் முன் ஒப்புதலோடு மாநில அரசு தர வேண்டும்.

ஓ.என்.ஜி.சி. போன்ற பெரிய நிறுவனத்துக்கு ஓரிடத்தில் தடை வந்தால் நாடெங்கும் வேறு வயல்கள் உண்டு. சிறு நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை.

முதல் உதாரணம், கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் நிலக்கரிப் படுகை மீத்தேனை எடுத்து விற்றுவந்த தனியார் நிறுவனம். மன்னார்குடி வட்டாரத்துக்காக 2010 ஜூலையில் மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் தமிழக அரசோடும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இரண்டு கையெழுத்தும் கிடைத்துவிட்டன. ஆனால் டெல்டா விவசாயிகளை யாரும் கேட்கவில்லை. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2013 டிசம்பர் 30 அன்று அந்தப் பிரசார நாட்களிலேயே மறைந்தார். அதே 2013இல் தமிழக அரசு பணிகளை நிறுத்தி வல்லுநர் குழு அமைத்தது. 2015இல் மீத்தேன் திட்டத்துக்கே தடை சொன்னது.

இரண்டாவது, நெடுவாசல். கண்டுபிடித்தும் எடுக்காமல் கிடந்த சிறு வயல்களை 2016இல் மத்திய அரசு ஏலம் விட்டது. முன் அனுபவம் இல்லாதவர்களும் கேட்கலாம் என்று சிறு நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. நெடுவாசல் ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குப் போனது. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. மறுநாளே ஊர் மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மார்ச்சில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் ஓ.என்.ஜி.சி. பெயரில் இருந்த சுரங்கக் குத்தகையை மாநில அரசு மாற்றித் தரவில்லை. கையில் ஒப்பந்தம், காலடியில் நிலம் இல்லை. கடைசியில் அந்த நிறுவனம் வேறு இடம் கேட்டது.

2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2021இல் புதுக்கோட்டை மாவட்டத்தின் வடதெரு வயல் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இடம்பெற்றது. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

நம் பொட்டிப்புரம் நியூட்ரினோவிலும் இதே இழுபறிதான்: மத்திய அரசு ஒப்புதல் தரும், மாநில அரசு எதிர்க்கும்.

என் பார்வை இதுதான். விளைநிலத்தைக் காப்பாற்றியது சரி. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் மார்க்கையன்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மாநிலத்தையும் ஊரையும் ஏலத்துக்கு முன்பே கேட்டிருந்தால், விவசாயி மாதக்கணக்கில் பந்தலில் உட்கார வேண்டியிருக்காது. சிறு நிறுவனமும் எடுக்க முடியாத எண்ணெய்க்கு ஒப்பந்தம் போட்டிருக்காது. பெண் வீட்டில் கேட்காமல் முகூர்த்தம் குறித்தால் மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம்தான் போகும்.

எண்ணெய், எரிவாயுத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.