நிபந்தனைக் கூற்றுகளின் வேகம்

‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்’ என்று நிரலில் எழுதப் பல வழிகள் உண்டு. விடை ஒன்றானாலும் ஓடும் நேரம் ஒன்றல்ல. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் துணியைத் தரம் பார்க்கும் நான்கு புள்ளி முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீடில் லைன் (ஊசிக் கோடு), எண்ணெய்க் கறை போன்ற பழுது 3 அங்குலம் வரை என்றால் 1 புள்ளி. 6 வரை 2. 9 வரை 3. அதற்கு மேல் 4.

இதை இஃப்–எல்ஸ் சங்கிலியாக எழுதினால் சோதனைகள் மேலிருந்து கீழே நடக்கும். சிறு பழுதுகளே மிகுதி என்றால் 3 அங்குலச் சோதனையை முதலில் வைப்பதே சிக்கனம்.

சி மொழியின் ஸ்விட்ச் முழு எண்களுக்கானது. மதிப்புகள் நெருக்கமாக இருந்தால் கம்பைலர் பெரும்பாலும், உரிய கிளைக்கு நேரே தாவ உதவும் தாவல் அட்டவணை அமைத்துவிடும். 2021இல் பைத்தான் 3.10 கொண்டுவந்த மேட்ச் கூற்றோ ஒவ்வொன்றாக வரிசையாகத்தான் பார்க்கிறது.

பெரிய செலவு ஒப்பீட்டில் அல்ல, ஊகத்தில்தான். இன்றைய செயலி, முடிவு தெரியுமுன்பே ஏதோ ஒரு கிளையில் வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் பிசகினால் அவ்வளவும் வீண். செயலியின் பத்து, இருபது கடிகாரச் சுழற்சிகள் போய்விடும். அளவுகள் கலந்து கிடக்கும் பட்டியலைவிட வரிசைப்படுத்திய பட்டியல் பெரும்பாலும் வேகமாக ஓடுவது இதனால்தான். கிளையே இல்லாமலும் எழுதலாம்: 1 + (அளவு > 3) + (அளவு > 6) + (அளவு > 9). உண்மைக்கு 1, பொய்க்கு 0. கூட்டினால் புள்ளி வந்துவிடும். அழகான வழி இது!

ஒரு ரோலின் பழுதுகளை எண்ணும் நிரலில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. கேமரா படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் சோதிக்கும் நிரலில் நன்றாகத் தெரியும்.