பஞ்சத்தில் வளர்ந்த பின்னல்

கைவேலைகள் பலவற்றுள் குறோசே எனப்படும் கொக்கிப் பின்னலைப்போல் எளிய கருவியைக் கொண்டது வேறில்லை எனலாம். நுனி வளைந்த ஓர் ஊசியும் ஓர் உருண்டை நூலும் இருந்தாற் போதும். பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல்லே இக்கலைக்கும் பெயராயிற்று. இரண்டு ஊசிகளைக்கொண்டு கம்பளி பின்னுவோர் ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தையும் ஊசியின்மீது தாங்கியிருத்தல் வேண்டும். ஒன்று நழுவினால் அதன் கீழுள்ளவையும் நழுவிவிடும். கொக்கிப் பின்னலிலோ பெரும்பாலும் ஒரேயொரு கண்ணிதான் கருவியிலே தங்கி நிற்கும். குழந்தை அழுதால் வேலையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு எழுந்துவிடலாம். அரைமணி நேரங் கழித்து வந்து விட்ட இடத்திலேயே தொடங்கலாம். பிழை நேர்ந்துவிட்டால், நூலைப் பிடித்து இழுத்ததும் பின்னியதெல்லாம் பிரிந்து மறுபடியும் நூலாகிவிடும். துணியை வெட்டித் தைப்பவருக்கு இத்தகைய சலுகை கிடையாது. எஞ்சிய நூல்களை வீணாக்காமல் உள்ளங்கையளவு சதுரங்களாகப் பின்னிச் சேர்த்து வந்தால், ஓராண்டிலே வீட்டுக்கு ஒரு போர்வை கிடைத்துவிடும். இந்த மகிழ்ச்சியை அறிந்த பெண்மணிகள் உலகின் எல்லாப் பகுதிகளிலும் உளர்.

இத்துணை எளிய கலை மிகப் பழையதாகவே இருக்கவேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆயினும் சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. ஐரோப்பாவின் பின்னல் வரலாற்றை ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டு அறிஞர் லிஸ் பலூடான் அம்மையார், 1800ஆம் ஆண்டுக்கு முன்னர் அங்கு கொக்கிப் பின்னல் வழங்கியமைக்கு உறுதியான ஆதாரம் எதனையும் கண்டிலர். 1820களில் ஒல்லாந்து நாட்டின் பெண்கள் சஞ்சிகை ஒன்றிலேதான் இதற்கான மாதிரிகள் முதன்முதலாக அச்சேறின. கீழைத் தேசங்களிலே சட்டத்தில் இறுக்கிய துணியின்மீது கொக்கியூசியாற் சங்கிலித் தையல் இடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அத்தையல் மேற்கே சென்று, பின்னர் துணியையும் விட்டொழித்து, வெறும் நூலாலேயே ஆன பின்னலாகியது என்பது ஒரு சாரார் கருத்து. பொருந்தக்கூடிய கருத்தே எனினும், முடிந்த முடிபன்று.

எவ்வாறாயினும், இக்கலையின் வரலாற்றிலே பெரும் அத்தியாயம் எழுதப்பட்ட இடம் அயர்லாந்து ஆகும். அது எழுதப்பட்ட காலம் மகிழ்ச்சிக்குரிய காலமன்று.

1845ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கிற்று. குடியானவரின் உணவு ஏறத்தாழ முழுவதும் அக்கிழங்கே. விளைந்த தானியமும் வளர்த்த கால்நடையும் நிலப்பிரபுவின் வாடகைக்குச் சென்றன. 1846இல் பயிர் அநேகமாக முற்றாக அழிந்தது. இலங்கையிலும் 1869இலே தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்ததை நேயர்கள் அறிவர். ஆயின் கோப்பி விற்பனைப் பயிர், உருளைக்கிழங்கோ உயிர் காக்கும் உணவு. 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த அயர்லாந்தின் சனத்தொகை, 1851இல் ஏறத்தாழ 65 இலட்சமாகக் குறைந்தது. பசியாலும் காய்ச்சலாலும் பத்து இலட்சம் மக்கள் வரையில் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். அவ்வாண்டுகளில் உணவு ஏற்றிய கப்பல்களும் அயர்லாந்துத் துறைமுகங்களை விட்டுச் சென்றுகொண்டே இருந்தன என்பதுதான் இவ்வரலாற்றிலே மறக்க முடியாத பகுதி.

அரசாங்க நிவாரணத்தை இலண்டனிலிருந்து நடத்திய திறைசேரி அதிகாரி சார்ள்ஸ் திரெவெலியன், பின்னர் 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். நம் நாட்டுக்கு இன்னும் நெருங்கிய தொடர்புடையவர் மற்றொருவர். 1847ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்திலே, கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருப்பவருக்குப் பொது நிவாரணம் கிடையாது என்ற விதியைச் சேர்ப்பித்தவர் வில்லியம் கிரகரி என்னும் பாராளுமன்ற உறுப்பினர். ஒருபிடி உணவுக்காக நிலத்தைக் கைவிடுவதா, நிலத்தைக் காத்துப் பட்டினி கிடப்பதா என்று ஆயிரமாயிரம் குடும்பங்கள் தவிக்க நேர்ந்தது அவ்விதியாலேயே. இவரே 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக விளங்கியவர். கொழும்பு நூதனசாலையை நிறுவியதாலும், பழைய குளங்களைத் திருத்தியதாலும் இங்கே அவர் பெயர் நன்றியோடு நினைக்கப்படுகிறது. நுவரெலியாவின் ஏரியும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அயர்லாந்திலே அதே பெயர் அந்தக் கால் ஏக்கர் விதியோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது.

நிலமும் இன்றி, நிவாரணமும் இன்றி நின்ற குடும்பங்களுக்கு எஞ்சியிருந்தவை பெண்களின் கைகளே. கோர்க் நகரை அடுத்த பிளாக்ரொக்கில் ஊர்சுலா சபைக் கன்னியர்கள் ஏழைச் சிறுமியருக்குக் கொக்கிப் பின்னலைப் பயிற்றினர். அந்நகரிலேயே 1847இல் சுசன்னா மெரடித் அம்மையார் ஒரு பின்னற் பாடசாலையைத் தொடங்கினார். பின்னாளில், 1865இல், பின்னற் பெண்களைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். கில்டெயார் மாவட்டத்தில் ரொபேட்ஸ் சீமாட்டியார் பயிற்றிய பெண்கள் ஆசிரியைகளாகப் பிற மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு ஓர் ஆசிரியையை வரவழைத்து வடக்கே குளோன்ஸ் என்னும் ஊரிலே இத்தொழிலை நிலைநாட்டியவர், அவ்வூர்ப் போதகரின் மனைவியாராகிய கசான்ட்ரா ஹான்ட் அம்மையார். கத்தோலிக்கக் கன்னியர்களும் புரட்டஸ்தாந்துப் போதகரின் மனைவியும் ஒரே தொழிலை ஒரே நோக்கத்தோடு பரப்பினர் என்பது, அந்நாட்டின் சமயப் பிணக்குகளை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும்.

அவர்கள் ஏன் இக்கலையைத் தேர்ந்தனர்? வெனிஸ் நகரின் ஊசி ரேந்தை அக்காலத்திலே செல்வர் வீடுகளிற் பெருமதிப்புப் பெற்றிருந்தது. (ரேந்தை என்னும் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் வந்தது என்பதை இங்கே குறிப்பிடுதல் தகும்.) அதனை ஊசியால் இழைத்து முடிக்க நெடுங்காலம் வேண்டும். அதே தோற்றத்தைக் கொக்கியைக்கொண்டு அதனினும் விரைவாக உண்டாக்கலாம் என்பது 1840களிலே தெளிவாயிற்று. இவ்வகை மாதிரிகளை நூல்களாக வெளியிட்டுப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ரியேகோ த லா பிராஞ்சார்தியேர் என்னும் நீண்ட பெயருடைய பெண்மணி. பசித்திருப்பவளுக்கு விரைவே முதற்றேவை. முதலீடும் அற்பமே. கொக்கி வாங்க வழியில்லாதவர்கள் தையலூசியின் காதை ஒரு புறம் உடைத்துக் கொக்கியாக்கி, மறுமுனையை மரத்துண்டிலோ தக்கையிலோ செருகிப் பிடியாக்கிக் கொண்டனர்.

வேலை நடைபெறும் முறையும் சுவையானது. துணியை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நெய்வதுபோல் இது பின்னப்படுவதில்லை. ரோசாப்பூ, மூவிலை, திராட்சைக்கொடி, பன்னம் என ஒவ்வோர் உருவும் தனித்தனியே உருவாகும். தடித்த நூற்கயிறு ஒன்றின்மீது நெருக்கமாகப் பின்னுவதால் இதழ்கள் மேடிட்டுப் புடைத்து நிற்கும். பின்னர் அவ்வுருக்களை ஒரு துணியின்மீது கவிழ்த்துப் பரப்பித் தற்காலிகமாகத் தைத்து, இடைவெளிகளை நுண்ணிய வலைப்பின்னலால் நிரப்புவர். குளோன்ஸ் ஊரார் அவ்வலையின் கம்பிகளிலே திரண்ட சிறு முடிச்சுகளை இட்டனர். அம்முடிச்சு இன்றும் அவ்வூரின் பெயராலேயே அறியப்படுகிறது. இறுதியிலே தையலை அறுத்துத் துணியை நீக்கிவிட்டால் ரேந்தை மட்டும் எஞ்சும். உருக்கள் தனித்தனியே இயல்வதால் ஒரு வீட்டார் ரோசாவையும், மற்றொரு வீட்டார் இலையையும் பின்னித் தரலாயினர். தாம் கண்ட புதிய பூவைப் பக்கத்து வீட்டாருக்குக் காட்டாது மறைத்த குடும்பங்களும் இருந்தன. சில வீடுகளிலே சிறுவர்களும், வயல்வேலை இழந்த ஆடவரும்கூடக் கொக்கியைக் கையில் எடுத்தனர்.

இவ்வருவாய் வாடகைக்கும் மாவுக்கும் சென்றது. சில வீடுகளிலே சிறிது சிறிதாகச் சேர்ந்து அமெரிக்காவுக்குக் கப்பற்கட்டணமாயிற்று. சென்றவர்களோடு கலையும் கடல் கடந்தது. ஆயின் ரேந்தை வாணிகம் நாகரிகத்தின் மனம்போன போக்கைச் சார்ந்தது. 1860களுக்குள் மாதிரிகள் சலித்துப்போயின. அவசர வேலையால் தரமும் தாழ்ந்தது. 1880களிலே புத்துயிர் பெற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிஸ் நகரின் ஆடைக் கடைகள் வரை அயர்லாந்துப் பின்னல் சென்றது. 1914இல் மூண்ட போரோடு அச்செழிப்பு முடிந்தது. பொறிகளிற் செய்த போலி ரேந்தைகளும் அதற்குப் போட்டியாயின. ஆனால் உண்மையான கொக்கிப் பின்னலைப் பின்னக்கூடிய பொறி இன்றுவரை வழக்கத்துக்கு வரவில்லை. கடையிலே காணும் ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவரின் கையால் ஆனதே.

அதே காலத்திலே மாளிகைகளிலும் இக்கொக்கி பொழுதுபோக்காக வழங்கிற்று. விக்டோரியா மகாராணியார் தமது முதுமையில், 1900இல், தென்னாபிரிக்கப் போரில் வீரங்காட்டியவர்களுக்கென எட்டுக் கழுத்துச் சால்வைகளைத் தம் கையாற் பின்னிக் கொடுத்தார். அமெரிக்கக் குடியானவப் பெண்கள் எஞ்சிய கம்பளி நூலாற் பின்னிய சதுரப் போர்வைகள் 1880களிலேயே அச்சில் இடம்பெற்றன. கருவி ஒன்றே, உழைப்பும் ஒன்றே. ஓரிடத்தில் அது இன்பம், மற்றோரிடத்தில் அடுப்பெரியும் வழி. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதனால் தீங்கு விளைவதுண்டு.

அத்தீங்கை நன்கு எடுத்துக்காட்டியது 1982இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஆந்திராவில் கோதாவரி ஆற்றுப்பகுதியிலுள்ள நரசாபுரத்தில், மிஷனரிமார் கொண்டுவந்த கொக்கிப் பின்னல் பல்லாயிரம் பெண்களின் தொழிலாகி, அவர்களின் கைவேலை மேல்நாட்டுச் சந்தைகளுக்கு ஏற்றுமதியாயிற்று. யேர்மனிய அறிஞர் மரியா மீஸ் அம்மையார் அப்பெண்களிடையே ஆராய்ந்து கண்டது இதுவே: அவர்கள் நாள்தோறும் பல மணிநேரம் பின்னியும், வணிகர் கணக்கிலே அவர்கள் தொழிலாளர் அல்லர், ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாகக் கழிக்கும் இல்லத்தரசிகள். ஆகவே கூலியும் அதற்கேற்ப மிக அற்பமாயிற்று. ஒருத்தி பூக்களை மட்டும் பின்னினாள்; மற்றொருத்தி அவற்றை இணைத்தாள்; தரகர் வந்து பெற்றுச் சென்றார். தன் கையாற் பின்னிய பூ எந்த மேசை விரிப்பில், எந்த நாட்டு வீட்டில் விரிந்து கிடக்கிறது என்பதை அறியும் வாய்ப்பு அவளுக்கு இருக்கவில்லை.