கண்ணுக்கு மறைந்த இரை: போர்ட்டியா சிலந்தியின் சுற்றுவழித் தேர்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

தாவும் சிலந்திகளின் குடும்பத்தில் (சால்ட்டிசிடே) போர்ட்டியா பேரினத்துக்கு வாய்த்த புகழ் அதன் சுற்றுவழிகளால் வந்தது. வலையில் அமர்ந்திருக்கும் வேறொரு சிலந்தியைக் கண்டதும் அது நேரே பாய்வதில்லை. இரைக்கு முதுகு காட்டி நடக்கும். இடையில் இரை பார்வையிலிருந்து மறைந்தே போகும். கடைசியில் எதிர்பாராத திசையிலிருந்து வந்து தாக்கும். இந்த நடத்தைக்கு அகப்படிமம், அதாவது இரையையோ வழியையோ பற்றி உள்ளே பதிந்த பிம்பம், எதுவும் தேவையில்லை, இரண்டு எளிய விதிகள் போதும் என்று ஒரு சாரார் எழுதிவருகின்றனர். அவர்களுடைய முதன்மைச் சான்று, 1999இல் டார்சிட்டானோவும் ஆண்ட்ரூவும் ‘அனிமல் பிஹேவியர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. அந்த ஆய்வு அவர்கள் சொல்லும் முடிவுக்கு இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது போர்ட்டியா லாபியாட்டா. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வரை காணப்படும் இனம். உயரத்தில் நிற்கும் சிலந்திக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று தூண்டிரை வரை முழுமையாகச் செல்கிறது, மற்றொன்று இடையில் அறுந்திருக்கிறது. சிலந்தி இறங்குவதற்கு முன் எங்கெங்கே பார்க்கிறது என்பது பதிவாயிற்று. தொடக்கத்தில் இரு வழிகளையும் துழாவிய பார்வை, போகப்போக முழுமையான வழியிலேயே அதிகம் தங்கியது. இதிலிருந்து ஆசிரியர்கள் வடித்தெடுத்த விதிகள் இரண்டு. கிடைமட்டமாக ஒரு விளிம்பு தென்பட்டால் அதே திசையில் தொடர்ந்து திரும்பு. விளிம்பு முடிந்துவிட்டால் தூண்டிரையை நோக்கித் திரும்பி வா. அறுந்த வழியில் போன பார்வை அடிக்கடி திரும்பிவிடும்; முழுமையான வழியில் போன பார்வை அதன் தொடக்கம் வரை சென்று சேரும். அழகான விளக்கம்தான். துழாவலைப் பொறுத்தவரை அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் இரண்டாம் விதியில் வரும் ‘தூண்டிரையை நோக்கி’ என்ற நிபந்தனையைப் பலரும் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். விளிம்பின் முனையில் நிற்கும் பார்வைக்குத் தூண்டிரை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இங்கே கண்ணின் அமைப்பு முக்கியமாகிறது. தாவும் சிலந்தியின் முதன்மைக் கண்கள் நீண்ட குழாய்கள். அவற்றின் விழித்திரை பூமராங் வடிவில் வளைந்த ஒரு குறுகிய பட்டை. வில்லியம்ஸும் மெக்கின்டயரும் 1980இல் போர்ட்டியா ஃபிம்பிரியாட்டாவில் கண்டறிந்த கூர்மை சுமார் 0.04 பாகை. இத்தனை சிறிய உடலில் அது வியப்பூட்டும் கூர்மை. அதற்குக் கொடுக்கும் விலை, ஒரே நேரத்தில் காணக்கூடிய பரப்பு சில பாகைகளே. வில்லை அசையாது, ஆறு தசைகள் குழாயை உள்ளிருந்தபடியே நகர்த்தியும் சுழற்றியும் காட்சியைத் துண்டுதுண்டாகத் தடவுகின்றன என்று லேண்ட் 1969இலேயே விவரித்துவிட்டார். சாவித் துளை வழியாக ஒரு கூடத்தைப் பார்ப்பது போன்ற நிலை. விளிம்பின் முனை இந்தத் துளைக்குள் இருக்கும்போது தூண்டிரை அதற்கு வெளியே இருக்கிறது.

துணைக் கண்கள் இருக்கின்றனவே என்பார்கள். உண்மைதான், அவற்றின் பார்வைப் பரப்பு உடலைச் சுற்றி ஏறக்குறைய முழுவட்டம். முன்பக்கத்துத் துணைக் கண்களே முதன்மைக் கண்களை அசையும் பொருளின் பின்னால் செலுத்துகின்றன என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. ஆயினும் அவற்றின் வலிமை அசைவைப் பிடிப்பதில். அசையாமல் இருக்கும் தூண்டிரையின் திசையை நிமிடக் கணக்கில் அவையே தாங்கி நிற்கின்றன என்பது நிறுவப்பட வேண்டிய கூற்று. எளிமையைக் காக்கப் புறப்பட்ட விளக்கம் அதைச் சான்றின்றி இரவல் வாங்கிக்கொள்கிறது. அந்த இரவலை மறுத்தால், இரண்டாம் விதி செயல்படவே தூண்டிரையின் இடம் எங்கோ உள்ளே பதிந்திருக்க வேண்டும். அகப்படிமத்தைத் துரத்துவதற்கென்று கொண்டுவரப்பட்ட விதி, அதையே நம்பி நடக்கிறது.

இதைவிடப் பெரிய இடர்ப்பாடு இறங்கிய பிறகு. 1999 ஆய்வின் விதிகள் பார்வையின் பயணத்துக்கானவை, கால்களின் பயணத்துக்கானவை அல்ல. கிராஸும் ஜாக்சனும் 2016இல் வெளியிட்ட சோதனையில் சிலந்தி ஒரு கோபுரத்தின் உச்சியில் நிற்கிறது. எதிரே இரு பெட்டிகள், ஒன்றில்தான் இரை. தாவினால் எட்டாது. கோபுரம் நிற்கும் மேடையைச் சுற்றித் தண்ணீர். இந்தச் சிலந்திகள் தண்ணீரைத் தவிர்ப்பவை. மீதமிருப்பது வளைந்து செல்லும் இரண்டு நடைபாதைகள். கோபுரத்தை விட்டு இறங்கியதும் இரை கண்ணில் படாது. சில வேளைகளில் தவறான பாதையின் வாயிலைத் தாண்டித்தான் சரியான பாதையை அடைய முடியும். சோதித்த 15 இனங்களும் சரியான பாதையையே குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகத் தேர்ந்தன. தவறான வாயில் காலடியில் இருக்கும்போது அதை விட்டுக் கடந்துபோகச் செய்வது எது? அந்தக் கணத்தில் கண் முன்னால் இருக்கும் எதுவும் அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘இடம்’, ‘வலம்’ என்ற ஒற்றைக் குறிப்பை மட்டும் சுமந்துகொண்டு இறங்கினாலும் இந்த முடிவு கிடைத்துவிடும். இதை ஏற்கிறேன், வழி முழுவதும் வரைபடமாகச் சிலந்தியின் தலைக்குள் விரிந்திருக்கிறது என்று சொல்ல இந்தத் தரவு போதாது. ஆனால் சுமக்கப்படுவது திசை மட்டுமல்ல என்பதற்குக் கென்யாவின் போர்ட்டியா ஆஃப்ரிக்கானாவைக் கொண்டு அதே இருவர் 2014இல் செய்த சோதனை துணை நிற்கிறது. சிலந்தி தூண்டிரையை 30 விநாடி பார்த்தது. பிறகு ஒளிபுகாத் தடுப்பு இறங்கியது. 90 விநாடி கழித்துத் தடுப்பு உயர்ந்தபோது அங்கே வேறு வகை இரை இருந்தால், பாய்ந்த சிலந்திகளின் எண்ணிக்கை குறைந்தது. அதே இரை வேறு பக்கம் திரும்பியிருந்தால் குறையவில்லை. பாயத் தொடங்கும் வரையிலான தாமதத்தில் வேறுபாடு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் எந்த இரை என்பது 90 விநாடி நினைவில் நின்றிருக்கிறது. ஃபிடிப்பஸ் பேரினத்தில் ஹில் 1979இல் விவரித்த, சுற்றுவழியின் நடுவே நின்று இரை இருக்க வேண்டிய திசைக்குத் திரும்பும் செயலும் இதோடு பொருந்துகிறது.

மூளை மிகச் சிறியது என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. எவ்வளவு மூளை எதற்குப் போதும் என்பதை நடத்தையைப் பார்த்துத்தான் அறிய வேண்டும், மாற்றி அல்ல. இதெல்லாம் பிறவியிலேயே வந்தது என்ற ஆட்சேபம் சற்று மேலானது, ஆனால் இலக்குத் தவறியது. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் பகுதிப் போர்ட்டியா லாபியாட்டா, பிசின் துப்பும் சைட்டோடஸ் சிலந்தியைச் சுற்றிச் சென்று பின்புறமாக அணுகும். பெண் சைட்டோடஸ் முட்டைகளை வாயுறுப்பில் கவ்வியிருந்தால் நேர்வழியிலேயே வரவும் தயங்காது. முட்டையைக் கீழே விட்டால்தான் அவளால் துப்ப முடியும். துப்பும் சிலந்தி இல்லாத சகாடா பகுதிப் போர்ட்டியா லாபியாட்டாவில் இந்தத் திறன் அப்படி வெளிப்படுவதில்லை. நாட்டம் மரபில் வந்திருக்கலாம். எதிரில் நிற்பவளின் வாயில் முட்டை இருக்கிறதா என்பதை மரபு சொல்லித் தர முடியாது.

என் வாசிப்பு தவறென்று காட்டுவதற்கும் வழி இருக்கிறது. துணைக் கண்களைப் பூசி மறைப்பது இத்துறையில் பழகிய உத்தி. முழுக்க அசையாத தூண்டிரையை வைத்து, முதன்மைக் கண்கள் மட்டும் திறந்திருக்கும் சிலந்தியிடம் 1999 சோதனையைத் திரும்பச் செய்யலாம். விளிம்பின் முனையை அடைந்த பார்வை அப்போதும் தூண்டிரையை நோக்கியே திரும்பினால், திசையைக் காத்தது துணைக் கண்கள் அல்ல, நினைவுதான். திசை தெரியாமல் கண்டபடி அலைந்தால், இரண்டு விதிகள் போதும் என்போரின் கை ஓங்கும். பார்வை திரும்பும் என்றே எதிர்பார்க்கிறேன்.